முதலாம் வகுப்புச் சீட்டு இருந்தும் லவுஞ்ச் கதவு திறக்காதபோது: அறிகுறி வாரியாகப் பார்க்கும் முறை

பிள்ளைகளைப் பார்க்க லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று புறப்படும் திருகோணமலைப் பெற்றோருக்குப் பயணத் தாள்களை அச்சிட்டுக் கொடுப்பதோடு என் கடையின் வேலை முடிந்துவிடுவதில்லை. அங்கே ஏதோவொரு பெரிய புகையிரத நிலையத்தின் லவுஞ்ச் (மேல்வகுப்புப் பயணிகளுக்கான காத்திருப்பு அறை) வாசலில் நின்றுகொண்டு, "தம்பி, முதலாம் வகுப்பு எண்டுதானே மகன் எடுத்துத் தந்தவர், இவங்கள் ஏன் உள்ளுக்கு விடமாட்டம் எண்டுறாங்கள்?" என்று வட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. லவுஞ்ச் வாசலில் இருப்பவர் பார்ப்பது வகுப்பை மட்டுமல்ல. சீட்டை விற்ற கம்பனி எது, அது எந்த விலை வகையைச் சேர்ந்தது, இன்றைய திகதிக்குரியதா என்பவற்றையும் அவர் பார்க்கிறார். கோளாறு பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றிலேயே இருக்கும்.

ஒவ்வொரு அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத காரணங்களை முதலிலும், செலவு வைக்கும் காரணங்களைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன். அதிக அழைப்புகள் பிரித்தானியாவிலிருந்தே வருவதால் அந்நாட்டு நிலையங்களைப் பற்றிய குறிப்புகள் கூடுதலாக உள்ளன.

## அறிகுறி: வாசலில் சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள்

### நீங்கள் காட்டியது சீட்டுத்தானா?

பிரித்தானிய நிலைய இயந்திரத்தில் எடுத்த சீட்டாயின், செம்மஞ்சள் கரை போட்ட ஒரே அளவிலான அட்டைகள் இரண்டு மூன்று சேர்ந்து வரும். அவற்றில் ஒன்று பயணச்சீட்டு, இன்னொன்று ஆசன ஒதுக்கீட்டு அட்டை, சில வேளைகளில் மற்றொன்று பணம் செலுத்தியதற்கான பற்றுச்சீட்டு. ஆசன ஒதுக்கீட்டு அட்டையில் வண்டியின் நேரமும் பெட்டி எழுத்தும் ஆசன இலக்கமும் தெளிவாக இருப்பதால் வயதானவர்கள் அதையே சீட்டென்று நினைத்து நீட்டிவிடுகிறார்கள். தானியங்கிக் கதவும் அதை ஏற்காது, லவுஞ்சிலும் அது செல்லாது. அட்டைகள் அனைத்தையும் ஒன்றாக எடுத்துக் காட்டினால் இந்தச் சிக்கல் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

கைத்தொலைபேசிச் சீட்டாயின், பிள்ளை அனுப்பியது மின்னஞ்சல் உறுதிப்படுத்தலா, சதுரக் குறியீட்டுடன் கூடிய உண்மையான சீட்டா என்று பாருங்கள். முன்பதிவு இலக்கம் மட்டும் உள்ள மின்னஞ்சல் சீட்டாகாது. குறியீடு இருந்தும் கருவி அதை வாசிக்க மறுத்தால், ஸ்கிரீன்ஷொட்டின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா, வட்ஸ்அப்பில் படமாக வந்ததால் மங்கியிருக்கிறதா என்று பார்த்து, அதே சீட்டைப் பீடிஎஃப் கோப்பாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். திரையின் வெளிச்சத்தைக் கூட்டுவதும் பல தடவைகளில் போதுமாக இருந்திருக்கிறது.

### சீட்டில் எழுதியிருக்கும் வகுப்பு எது?

மகன் தொலைபேசியில் "நல்ல சீற் எடுத்திருக்கிறன்" என்று சொன்னதை வைத்து வகுப்பைத் தீர்மானிக்க முடியாது. சீட்டில் வகுப்புக்குரிய இடத்தில் முதலாம் வகுப்பைக் குறிக்கும் 1 என்ற எண் இருக்க வேண்டும், எஸ்.ரி.டி. என்ற மூன்று எழுத்துகள் இருந்தால் அது சாதாரண வகுப்பு.

இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள வகுப்புகள்தாம் ஆட்களை ஏமாற்றுகின்றன. யூஸ்ரன் நிலையத்திலிருந்து மன்செஸ்ரர், பேர்மிங்ஹாம், கிளாஸ்கோ பக்கம் ஓடும் அவன்ரி வெஸ்ற் கோஸ்ற் வண்டிகளில் ஸ்ராண்டர்ட் பிரீமியம் என்றொரு வகை உண்டு. அதில் கிடைப்பது முதலாம் வகுப்பின் அகன்ற ஆசனமேயானாலும், சாப்பாடும் இல்லை, லவுஞ்சும் இல்லை. லண்டனிலிருந்து கடலடிச் சுரங்கத்தால் பாரிஸ் பக்கம் ஓடும் யூரோஸ்ரார் வண்டிகளில் மூன்று வகைகள் உள்ளன. நடுவிலுள்ள பிளஸ் வகைக்கு வண்டியில் சிற்றுணவு தருவார்கள், ஆனால் லவுஞ்ச் உரிமை உச்ச வகையான பிரீமியருக்குரியது. கனடாவின் வியா ரெயிலிலும் இப்படித்தான்: ரொறன்ரோ யூனியன், மொன்றியல், ஒட்டாவா நிலையங்களிலுள்ள லவுஞ்ச் பிஸ்னஸ் வகுப்பினருக்கும் உறங்கும் பெட்டியின் மேல்வகைப் பயணிகளுக்கும் உரியது, எக்கொனமி பிளஸ் என்ற பெயரிலுள்ள "பிளஸ்" அங்கே எதையும் திறக்காது.

சாதாரணச் சீட்டோடு வந்து, வண்டியில் ஏறிய பின் மேலதிகக் கட்டணம் கட்டி முதலாம் வகுப்புக்கு மாறும் எண்ணமுள்ளவர்களுக்கும் இதே பதில்தான். வாசலில் நிற்கும் நேரத்தில் உங்கள் கையில் இருப்பது சாதாரணச் சீட்டு.

### முதலாம் வகுப்புத்தான், ஆனால் லவுஞ்ச் யாருடையது?

எங்கள் நாட்டில் புகையிரதத் திணைக்களம் ஒன்றே ஒன்றாக இருப்பதால், ஒரு நிலையத்துக்குள் பல கம்பனிகள் தனித்தனியே வண்டி ஓட்டும் ஏற்பாடு நம்மவர்களுக்கு இலகுவில் பிடிபடுவதில்லை. லண்டன் கிங்ஸ் குரோஸிலுள்ள லவுஞ்ச் எல்.என்.ஈ.ஆர். கம்பனியுடையது. அதே நிலையத்திலிருந்து சண்டர்லாந்துக்கும் பிராட்ஃபோர்டுக்கும் ஓடும் கிராண்ட் சென்ட்ரல் வண்டியின் முதலாம் வகுப்புச் சீட்டை அங்கே காட்டினால், மரியாதையாகத்தான் என்றாலும், மறுத்துவிடுவார்கள். சென்ற் பங்கிராஸில் குழப்பம் இன்னும் அதிகம்: உள்நாட்டு வண்டிகளுக்கான லவுஞ்ச் ஒன்று, யூரோஸ்ராருக்கு இன்னொன்று. பின்னையது பாதுகாப்புச் சோதனையையும் கடவுச்சீட்டுக் கட்டுப்பாட்டையும் தாண்டிய உட்பகுதியில் இருப்பதால், வெளி மண்டபத்தில் அதைத் தேடிக் களைப்பதில் பயனில்லை.

சீட்டில் கம்பனியின் பெயரைப் பாருங்கள், பிறகு கதவிலுள்ள பெயரைப் பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் வாதம் வேண்டாம்.

### கம்பனியும் சரி, வகுப்பும் சரி, இன்னும் விடவில்லை

இங்கிருந்துதான் செலவு தொடங்குகிறது. ஜேர்மனியில் டொய்ச்ச பான் நிறுவனம் ஒரே முதலாம் வகுப்பு ஆசனத்தைப் பல விலைகளில் விற்கிறது. முழு விலையான, எந்த வண்டியிலும் போகக்கூடிய ஃப்ளெக்ஸ் சீட்டுக்கு லவுஞ்ச் உண்டு. மிக மலிவான சூப்பர் ஷ்பார்ப்ரைஸ் சீட்டுக்கு இல்லை. பிள்ளை மாதங்களுக்கு முன்பே தேடிப்பிடித்து மலிவாக எடுத்ததைப் பெருமையாகச் சொன்னால் அந்தச் சீட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பிரான்சில் இது இன்னும் கடுமை. டிஜிவி என்ற அதிவேக வண்டியின் சாதாரண முதலாம் வகுப்புச் சீட்டு மட்டும் வைத்திருப்பவரை அங்குள்ள கிரான் வொயாஜேர் லவுஞ்சுக்குள் விடமாட்டார்கள். அது அடிக்கடி பயணஞ்செய்து உயர்நிலை உறுப்புரிமை பெற்றவர்களுக்கும், தொழில்முறைப் பயணிகளுக்கான உயர்விலைச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் உரிய இடம். சுவிஸில் தேடுபவர்களுக்கு: சூரிச்சிலும் ஜெனீவாவிலும் சுவிஸ் ரயில்வே நடத்திவந்த முதலாம் வகுப்பு லவுஞ்சுகள் பல ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டன. பழைய வழிகாட்டிகளை நம்பிப் போகாதீர்கள்.

பிரித்தானியாவில் மலிவான முன்பதிவு (குறித்த ஒரு வண்டிக்கு மட்டுமான) முதலாம் வகுப்புச் சீட்டுக்கும் பெரும்பாலும் கதவு திறக்கும். அங்கே மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். 60 வயதைத் தாண்டியவர்களுக்கான சீனியர் ரெயில்கார்ட் என்ற கழிவு அட்டை, சீட்டு விலையில் மூன்றிலொரு பங்கு கழிவு தருவதால், பிள்ளைகள் அந்தக் கழிவோடு சீட்டை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் கார்ட் பிள்ளையின் கைத்தொலைபேசியில் இருக்கும், அப்பா தனியே நிலையத்தில் நிற்பார். கழிவுச் சீட்டைக் கார்ட் இல்லாமல் காட்டினால் வண்டிக்குள்ளும் பிரச்சினை வரும் என்பதால், லவுஞ்சை மறந்துவிட்டு முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

### எப்போது பயணச்சீட்டுக் கருமபீடத்துக்குப் போவது

மேலே சொன்ன அனைத்தும் சரியாக இருந்தும் மறுத்தால், அல்லது வகுப்பை உயர்த்தியே ஆகவேண்டும் என்றால், நிலையத்தின் பயணச்சீட்டுக் கருமபீடத்துக்குப் போங்கள். லவுஞ்ச் வாசலில் இருப்பவருக்குச் சீட்டை மாற்றும் அதிகாரம் இல்லை, அவரோடு மன்றாடுவதால் நேரந்தான் போகும். பிரித்தானியாவில் முன்பதிவுச் சீட்டை மாற்றுவதாயின் வண்டி புறப்படுவதற்கு முன்பே மாற்ற வேண்டும். விலை வித்தியாசத்தோடு மாற்றுக் கட்டணமும் சேரக்கூடும். ஒரு மணி நேரம் இருந்து தேநீர் குடிப்பதற்காக அந்தக் காசைக் கொடுப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. நீண்ட பயணத்தில் கால் நீட்டி இருக்க முதலாம் வகுப்பு வேண்டுமென்றால் எடுங்கள். லவுஞ்சுக்காக மட்டும் எடுக்காதீர்கள்.

## அறிகுறி: ஒருவரை விடுகிறார்கள், கூட வந்தவரை விடவில்லை

வழியனுப்ப வந்த மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் உள்ளே வர முடியாது என்பதே பொதுவான விதி. ஆளுக்கொரு சீட்டு வேண்டும். எங்கள் நிலையத்தில் குடும்பம் முழுவதும் மேடைவரை வந்து, வண்டி நகரும் வரை யன்னலோரம் நின்று கதைப்பதைப் போல அங்கே நினைக்க முடியாது.

இருவரும் பயணிகளாக இருந்தும் ஒருவரை மறுத்தால், இரண்டு சீட்டுகளும் ஒரே கைத்தொலைபேசியில் இருக்கின்றனவா, அடுத்த பக்கத்துக்குத் தள்ளிக் காட்டினீர்களா என்று பாருங்கள். அம்மாவின் சீட்டை ஒரு பிள்ளையும் அப்பாவின் சீட்டை இன்னொரு பிள்ளையும் எடுத்த குடும்பங்களில், ஒன்று முதலாம் வகுப்பாகவும் மற்றது சாதாரணமாகவும் இருந்த சம்பவங்கள் உண்டு. அப்படியானால் லவுஞ்சை விட்டுவிடுங்கள். வண்டியிலும் இருவரும் வெவ்வேறு பெட்டிகளில் இருக்க நேரும் என்பதே பெரிய விடயம். அதற்குக் கருமபீடத்தில்தான் தீர்வு கேட்க வேண்டும்.

## அறிகுறி: கதவு பூட்டியிருக்கிறது அல்லது லவுஞ்சையே காணவில்லை

சனி, ஞாயிறு, அரச விடுமுறை நாட்களில் திறந்திருக்கும் நேரம் குறையும்; கடைசி வண்டிகள் புறப்படும் முன்பே மூடிவிடும் இடங்களும் உண்டு. கம்பனியின் இணையத்தளத்தில் அந்த நிலையத்துக்குரிய நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

காணவில்லை என்றால் மேலே பாருங்கள். யூஸ்ரனில் அது மண்டபத்துக்கு மேலுள்ள தளத்தில் இருக்கிறது. பாடிங்ரனில் முதலாம் மேடையின் ஓரமாகவே கிரேட் வெஸ்ரர்ன் கம்பனியின் லவுஞ்ச் உள்ளது. அது விக்ரோறியா மகாராணிக்கென ஒதுக்கப்பட்டிருந்த அரச காத்திருப்பு அறை என்பதால், சீட்டுள்ளவர்கள் சும்மா ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் நட்டமில்லை.

## அறிகுறி: உள்ளே வசதியாக இருந்தோம், வண்டி போய்விட்டது

இதுவே செலவு கூடிய கோளாறு. அடிக்கடி வருவதும் இதுதான்.

திருகோணமலை பாதையின் முடிவிடம். இங்கே வண்டி மேடையில் கண்முன்னே நிற்கும்; எந்த மேடை என்ற கேள்வியே எழுவதில்லை. கல்ஓயாச் சந்தியில் வண்டி மாறிப் பழகியவர்கள்கூட, மேடை இலக்கம் தெரியாமல் காத்திருக்கும் நிலைமையைக் கண்டிருக்க மாட்டார்கள். யூஸ்ரன் போன்ற நிலையத்தில் புறப்படும் மேடையைப் பலகையில் காட்டுவது புறப்படும் நேரத்துக்குச் சற்று முன்புதான். காட்டியவுடன் கீழே நிற்கும் கூட்டம் முழுவதும் ஒரே திசையில் ஓடும். நீங்களோ மேல்தளத்தில் மெத்தை நாற்காலியில், கையில் தேநீரோடு இருப்பீர்கள். லவுஞ்சிலும் திரை உண்டு. ஆனால் உங்கள் பெயரைக் கூப்பிட்டு எவரும் எழுப்பமாட்டார்கள்.

புறப்படும் நேரம் என்று சீட்டில் எழுதியிருப்பது சக்கரம் உருளும் நேரம். அவன்ரி, எல்.என்.ஈ.ஆர். வண்டிகளின் கதவுகள் அதற்கு 2 நிமிடங்களுக்கு முன்பே பூட்டப்படும். முன்பகுதிப் பெட்டியாயின் மேடையின் நீளம் முழுவதும் நடக்கவும் வேண்டும். புறப்படுவதற்கு 20 நிமிடங்களுக்கு முன்பாகக் கைத்தொலைபேசியில் அலாரம் வைத்து, மேடை இலக்கம் வந்தாலும் வராவிட்டாலும் எழுந்து கீழே இறங்கிவிடுங்கள். முழங்கால் நோவுள்ளவர்கள் இன்னும் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யூரோஸ்ராரில் இந்தக் கணக்கு செல்லாது. சோதனை வாயில் சாதாரணம், பிளஸ் வகைகளுக்குப் புறப்பட 30 நிமிடங்களுக்கு முன்பும், பிரீமியருக்கு 15 நிமிடங்களுக்கு முன்பும் மூடப்படும். மூடிய பின் சீட்டு எவ்வளவு விலையானாலும் உள்ளே போக முடியாது. பாரிஸின் நோர்ட் நிலையத்தின் பக்கத்திலேயே லாச்சப்பல் கடைத்தெரு இருப்பது நம்மவர்களுக்குப் பெரிய சோதனை. கடைசி நேரத்தில் மரக்கறி வாங்கவும் கொத்து ரொட்டி சாப்பிடவும் போய், வாயில் மூடிய பின் வந்து நின்றவர்களின் அழைப்பு எனக்கு வந்திருக்கிறது. இன்னொன்று: பிரித்தானிய விசா மட்டும் உள்ள இலங்கைக் கடவுச்சீட்டுக்கு பிரான்சுக்குள் அனுமதி இல்லை, ஷெங்கன் விசா தனியே வேண்டும். இது லவுஞ்ச் பிரச்சினை அல்ல என்றாலும் அதே வாயிலில்தான் வெடிக்கும்.

வண்டியைத் தவறவிட்ட பின் செய்ய வேண்டியது காரணத்தைப் பொறுத்தது. முன்னைய வண்டி தாமதமானதால் அதே பயணத் திட்டத்தின் அடுத்த வண்டி தவறியிருந்தால், பிரித்தானியாவில் முன்பதிவுச் சீட்டோடும் அதே கம்பனியின் அடுத்த வண்டியில் போக விடுவார்கள். ஏறுவதற்கு முன் நிலைய உத்தியோகத்தரிடம் சொல்லிவிடுங்கள், தாமதத்துக்கு நட்டஈடும் கோரலாம். லவுஞ்சில் இருந்து தவறவிட்டது உங்கள் பொறுப்பு. முன்பதிவுச் சீட்டு அத்துடன் செல்லாததாகிவிடும். சும்மா அடுத்த வண்டியில் ஏறி அபராதம் வாங்காமல், கருமபீடத்தில் கேட்டுப் புதுச் சீட்டு எடுங்கள். நாளின் எந்த வண்டியிலும் போகக்கூடிய முழுவிலைச் சீட்டாயின் கவலையே வேண்டாம்.

## அறிகுறி: படி ஏற முடியவில்லை, தூரம் நடக்க முடியவில்லை

மின்தூக்கி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிரித்தானியாவில் பசெஞ்சர் அசிஸ்ற் என்ற இலவச உதவியைப் பயணத்துக்கு 2 மணி நேரத்துக்கு முன்புவரை பதிவுசெய்யலாம். சக்கர நாற்காலியோடு வந்து வண்டியின் ஆசனம்வரை கொண்டுபோய் விடுவார்கள். இதில் ஒரு பொறி உண்டு. உதவியாளர் உங்களைத் தேடுவது உதவி நிலையத்தில். நீங்கள் லவுஞ்சில் இருப்பது அவருக்குத் தெரியாது. வந்தவுடன் உதவி நிலையத்துக்குப் போய்ப் பெயரைச் சொல்லி, லவுஞ்சில் இருக்கப் போவதையும் சொல்லிவிட்டு மேலே போங்கள். லவுஞ்ச் வரவேற்பிலும் அதையே மறுபடி சொல்லுங்கள். இரண்டிலொரு இடத்தில் சொல்லாமல் விட்டால் நாற்காலி வராது, வண்டி போய்விடும்.

## அறிகுறி: கழிப்பறை, பொதி, சாப்பாடு இவற்றுக்காகவே லவுஞ்சைத் தேடுகிறீர்கள்

அப்படியானால் லவுஞ்ச் தேவையில்லை. யூஸ்ரன், கிங்ஸ் குரோஸ், பாடிங்ரன் உட்பட நெற்வேர்க் ரெயில் நிருவகிக்கும் பெரிய நிலையங்களில் 2019 முதல் கழிப்பறை இலவசம். ஐரோப்பிய நிலையங்களில் சில்லறை தேவைப்படும்.

பொதிகளை லவுஞ்சில் வைத்துவிட்டு ஊர் சுற்றப் போக முடியாது. ஆளில்லாத பெட்டியைக் கண்டால் பாதுகாப்புப் பிரிவினரை அழைப்பார்கள். பெரிய நிலையங்களில் காசு கொடுத்துப் பொதி வைக்கும் இடம் தனியே உண்டு. சாப்பாடு என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றந்தான்: தேநீர், கோப்பி, பிஸ்கற், சில வேளை ஒரு துண்டு கேக். சைவம், ஹலால் பார்ப்பவர்கள் கேட்டு எடுங்கள். புட்டுப் பொதி கட்டிக்கொண்டு வந்திருந்தால் வெளி மண்டப வாங்கில் இருந்து சாப்பிடுவதே நிம்மதி.

## அறிகுறி: இந்தியாவில், அறை இருக்கிறது, ஆனால் உள்ளே விட மறுக்கிறார்கள்

பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து காசிக்கோ மதுரைக்கோ வேலூர் வைத்தியசாலைக்கோ போகிறவர்கள் கேட்பது வேறு. முதலில் நிலையம் சரிதானா என்று பாருங்கள்: காசி, டெல்லி பக்கம் சென்னை சென்ட்ரல், மதுரை, இராமேஸ்வரம் பக்கம் பெரும்பாலும் எழும்பூர்.

அங்கே மேல்வகுப்புக் காத்திருப்பு அறை வேறு, கட்டண லவுஞ்ச் வேறு. முன்னையது குளிரூட்டிய வகுப்புச் சீட்டு உள்ளவர்களுக்கு இலவசம். வாசலில் இருப்பவர் கொப்பியில் பி.என்.ஆர். இலக்கத்தை எழுதச் சொல்வார். பி.என்.ஆர். என்பது சீட்டின் மேலுள்ள 10 இலக்க எண். பின்னையதை, புது டெல்லி போன்ற நிலையங்களில், இந்திய ரயில்வேயின் துணை நிறுவனமான ஐ.ஆர்.சி.ரி.சி. நடத்துகிறது, மணித்தியாலக் கணக்கில் காசு கட்டினால் போதும்.

பி.என்.ஆர். கொடுத்தும் விடாவிட்டால், சீட்டு உறுதியானதா, இன்னும் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் எடுத்த காத்திருப்புச் சீட்டு, ஆசனப் பட்டியல் தயாரான பின்னும் உறுதியாகாவிட்டால் தானாகவே இரத்தாகிக் காசு திரும்பிவிடும். அதை வைத்து அறையிலும் இருக்க முடியாது, வண்டியிலும் ஏற முடியாது. இரவு தங்க வேண்டிய நிலை வந்தால், உறுதியான அல்லது ஆர்.ஏ.சி. (வண்டியில் ஏறலாம், முழுப் படுக்கை இன்னும் உறுதியில்லை) நிலையிலுள்ள பி.என்.ஆர். கொண்டு அதே நிலையத்தில் ஓய்வறையை இணையத்தில் பதிவுசெய்யலாம். அதற்குக் கடவுச்சீட்டின் மூலப்பிரதி தேவை. நிழற்படப் பிரதி போதாது.